கம்பும் கத்தரியும் ஒரே துருவும்: ஒரு துருப்பூஞ்சையை வயலில் பின்தொடரும் முறை

கம்புப் பயிரில் துருநோயை உண்டாக்கும் பூஞ்சை பக்சீனியா சப்ஸ்ட்ரையேட்டா என்ற இனத்தின் ஒரு வகை. அதன் வாழ்க்கையில் ஒரு பாதி கம்பில் நடக்கிறது, மறு பாதி கத்தரியில் நடக்கிறது. ஒன்று புல், இன்னொன்று தக்காளிக் குடும்பம். சுண்டை, கண்டங்கத்தரி போன்ற கத்தரியின் சொந்தங்கள் சிலவற்றிலும் அதன் கத்தரிப் பருவத்தைப் பார்க்கலாம். ஆனால் அதே வரப்பில் நிற்கும் சோளத்தையோ மக்காச்சோளத்தையோ அது ஒன்றும் செய்யாது.

திருநெல்வேலிச் சீமையில் இதைப் படிக்க நல்ல வசதி இருக்கிறது. மானூர், கங்கைகொண்டான், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மானாவாரிக் கம்பு கிடைக்கும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கத்தரி கிடைக்கும். இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கும் ஊர்களும் உண்டு. வேளாண் மாணவர்கள், உயிரியல் ஆசிரியர்கள், தங்கள் வயலை ஊன்றிப் பார்க்கும் விவசாயிகள் என யாரும் இதைச் செய்யலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான்.

1. பருவத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

துரு வந்தபிறகு தொட்டிச் செடிக்கு அலைந்தால் அந்த ஆண்டு போய்விடும். அதனால் கடைசிப் படிக்குத் தேவையானதை முதலில் தொடங்க வேண்டும்.

மானாவாரிக் கம்பு புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பாகும். வடகிழக்குப் பருவமழை தணிந்து, காலைப் பனி இறங்கத் தொடங்கும் கார்த்திகை, மார்கழியில் துரு தெரியும். தை பிறந்து கதிர் முற்றும்போது அதே இலைகளில் துருக் கொப்புளங்கள் கறுக்கும் கறுத்த பருவம் வரும். அந்தக் கறுத்த பருவத்தைக் கத்தரிக்கு மாற்றுவதுதான் நம் முக்கியச் சோதனை. அதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் விடியும்வரை இலையில் ஈரமும் இருந்தால் நல்லது. நம் ஊரில் அதற்கு மார்கழியும் தையும்தான், மாசி முற்பாதி வரை ஓரளவு தாங்கும். பங்குனிக்குப் பிறகு முயல வேண்டாம்.

ஆகவே கத்தரி விதையைக் கார்த்திகைத் தொடக்கத்திலேயே நாற்றுவிடுங்கள். தையில் தொட்டிச் செடி இளம் இலைகளோடு தயாராக இருக்கும். கம்பு விதையைத் தை நடுவில் போட்டால் போதும், இரண்டு வார நாற்றே நமக்கு வேண்டியது. இரண்டையும் கொசுவலைக்குள் வளருங்கள். திறந்த வெளியில் வளர்த்தால் காற்றில் வந்த துருவா, நீங்கள் ஏற்றிய துருவா என்று பிறகு சொல்ல முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், காக்கிக் கவர்கள், பழைய செய்தித்தாள், பென்சில், பிளேடு, செல்லோடேப், வெள்ளைத் துணி. வீட்டில் கண்ணாடி ஸ்லைடு, கவர்ஸ்லிப், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, மெல்லிய தூரிகை, கைத்தெளிப்பான். நுண்ணோக்கி பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தால் போதும், நானூறு மடங்கு பெருக்கினால் தாராளம்.

பேனாவால் லேபிள் எழுதாதீர்கள். ஈர இலையோடு வைத்தால் மை கரைந்து, எந்த வயல் என்றே தெரியாமல் போகும்.

3. துருவைத் தேடும் முன் செடியின் பெயரை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். துருப்பூஞ்சைகள் உயிருள்ள செல்லிலிருந்து மட்டும் உணவெடுப்பவை. சாதாரண ஆய்வக ஊடகத்தில் இவற்றை வளர்க்க முடியாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செடியை, அல்லது மிகச் சில செடிகளை வைத்திருக்கிறது. செடியின் பெயர் சரியாகத் தெரிந்தால் துருவின் பெயரில் பாதி கிடைத்துவிட்டது. செடியின் பெயர் தவறினால் நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பயனில்லை.

நிலக்கடலைத் துரு பக்சீனியா அராகிடிஸ். சோளத் துரு பக்சீனியா பர்பூரியா. மக்காச்சோளத் துருவின் பெயர் பக்சீனியா சோர்கை. பெயரில் சோளம் இருந்தாலும் அது தாக்குவது மக்காச்சோளத்தை, அதன் மறுபாதி வாழ்க்கை புளியாரையில். அவரையினத் துருவான யூரோமைசஸ் அப்பெண்டிகுலேட்டஸ் எல்லாப் பருவத்தையும் ஒரே செடியில் முடித்துக்கொள்ளும். பொடியின் நிறத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. எல்லாமே ஏறக்குறைய காவி கலந்த செம்மைதான்.

கம்பு, சோளம், மக்காச்சோளம் மூன்றும் இளம்பயிராக இருக்கும்போது புதியவர்கள் குழம்புவது வழக்கம். கதிர் வராத பயிரென்றால் விதைத்தவரைக் கேட்டு எழுதுங்கள். ரகத்தின் பெயரையும் விதைத்த தேதியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. கம்பை அடியிலையிலிருந்து பாருங்கள்

துரு முதலில் அடியிலைகளில் வரும். அங்கே பனி நெடுநேரம் காயாது, காற்றோட்டமும் குறைவு. மேலே நின்று தோகையைப் பார்த்துவிட்டு நோயில்லை என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. குனிந்து, கீழிருந்து மூன்று நான்கு இலைகளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். இலையின் நுனிப்பாதியில் கூடுதலாக இருக்கும்.

நெருக்கி விதைத்த பாத்திகளை முதலில் பாருங்கள். மானூர்ப் பக்கம் ஒரு வயலில் துருவைப் பற்றி நாங்கள் விசாரித்தபோது அந்த அண்ணாச்சி நேராக மூலைப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இங்கன பாருங்க தம்பி, கலைக்காம விட்ட இடம். எல பூரா செங்கப்பொடி தூவுனாப்ல இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல." நெருக்கத்துக்கும் ஈரத்துக்கும் துருவுக்கும் உள்ள தொடர்பை அந்த ஒரு பாத்தி தெளிவாகக் காட்டியது.

கொப்புளத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துருவென்றால் செம்பழுப்புப் பொடி ஒட்டும். கம்பில் அடிச்சாம்பல் நோய் வந்தால் இலையின் அடிப்பக்கம் வெண்மையாகப் பூத்திருக்கும், செம்பொடி வராது. கரிப்பூட்டையும் தேன் ஒழுகலும் கதிரில் வருபவை. மாவிலையில் காணும் சிவப்புத் துரு என்பது ஒரு பாசி. கீரையில் வரும் வெள்ளைத் துரு வேறொரு நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது. பெயரில் துரு இருப்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. சேகரிப்பு

இரண்டு பங்காக எடுங்கள். ஒரு பங்கு செய்தித்தாளுக்குள் வைத்து, பளு ஏற்றி, ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்றி உலர்த்துவதற்கு. இது நிரந்தரச் சான்று. இன்னொரு பங்கு உயிரோடு வேண்டிய வித்துகளுக்கு (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்), காக்கிக் கவரில்.

பாலித்தீன் கவரில் போட்டால் இலை வேர்த்து, வீடு சேருமுன் வேறு பூசணங்கள் ஏறிவிடும். பேருந்தில் உச்சிவெயிலில் வந்தால் இது நிச்சயம்.

6. நுண்ணோக்கியில் எதை எண்ண வேண்டும்

செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தைக் கொப்புளத்தில் ஒற்றி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரின்மேல் ஒட்டுங்கள். பிளேடால் சுரண்டுவதைவிட இதில் வித்துகள் உடையாமல் வரும்.

செம்பழுப்புக் கொப்புளத்தில் இருப்பவை யூரிடோ வித்துகள். ஒரே செல், நீள்வட்டம், சுவரில் இடைவிட்டு நுண்ணிய முட்கள், நான்கு முளைத்துளைகள், சில நேரம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு காம்பு. இவை கம்பிலிருந்து கம்புக்குப் பரவுபவை. ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கருக்கள் இணையாமல் இருக்கும்.

முற்றிய இலையிலும் இலையுறையிலும் தண்டிலும் கறும்பழுப்பாகத் தெரியும் கொப்புளங்களில் டீலியோ வித்துகள் இருக்கும். குறுக்குச் சுவர் போட்டு இரண்டு செல், மேல்பாகம் அகன்று தட்டையாக, அடிப்பாகம் குறுகி இருக்கும். இரண்டு செல் என்பதுதான் பக்சீனியாவின் அடையாளம். அவரைத் துருவான யூரோமைசஸில் டீலியோ வித்து ஒரே செல். அந்த இரண்டு உட்கருக்களும் ஒன்று சேர்வது இந்த டீலியோ வித்துக்குள்தான். ஒன்பதாம் படி முழுவதும் இந்தச் செய்தியில்தான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. செம்பொடிக்கு நடுவே பளபளப்பான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவசரப்பட்டு டீலியோ பருவம் என்று எழுதாதீர்கள். டார்லூக்கா என்ற இன்னொரு பூஞ்சை துருவையே தின்று வாழ்வது. அதன் வித்துப்பைகள் அப்படித்தான் தெரியும். நசுக்கிப் பார்த்தால் நிறமற்ற சிறு வித்துகள் வரும், கறும்பழுப்பு வித்து வராது. லென்ஸை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனால் சில கொப்புளங்களில் ஆரஞ்சு நிறச் சிறு புழு ஒன்று மெல்ல நகர்வதையும் பார்க்கலாம். துருவித்துகளைத் தின்னும் ஒரு வகைச் சிற்றீயின் இளம்புழு அது. தின்ற பொடியின் நிறம்தான் அதன் நிறம். இவற்றையும் குறிப்பில் எழுதுங்கள், துருவின் சூழலியலில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

7. யூரிடோ வித்தை முளைக்க வையுங்கள்

வயலிலிருந்து வந்த பழைய பொடியில் செத்த வித்துகள் நிறைய இருக்கும். மாலையில் இலையைத் தட்டிப் பழையதை உதிர்த்துவிட்டு, ஈரத்துணி விரித்த டப்பாவில் இரவு வையுங்கள். காலையில் புதிதாக வந்த பொடியை எடுங்கள்.

அந்தப் பொடியை ஸ்லைடில் தண்ணீர்ச் சொட்டின்மேல் மிக மெல்லியதாகத் தூவி, ஈரடப்பாவில், இருட்டில், ஓர் இரவு விடுங்கள். நெருக்கமாகக் கொட்டினால் முளைப்பு குறையும். நெருங்கியிருக்கும் துருவித்துகள் ஒன்றையொன்று முளைக்கவிடாமல் தடுக்கும் பொருளைக் கசியவிடுகின்றன. நிறையப் போட்டால் நிறைய முளைக்கும் என்று எண்ணிப் பொடியை வீணாக்குபவர்கள் அதிகம்.

இலைமேல் நடப்பதும் இதுவே. பனித்துளியில் வித்து முளைத்து, முளைக்குழாய் இலைப்பரப்பைத் தடவிக்கொண்டே போய் இலைத்துளையைக் கண்டுபிடிக்கும். அங்கே ஒரு ஒட்டுறுப்பை உருவாக்கி உள்ளே நுழைந்து, செல்லுக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தும். அவரைத் துருவில் செய்த ஆய்வுகளில், இலைத்துளையின் விளிம்பிலுள்ள ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் உயர மேடுதான் அதற்கு வழி சொல்கிறது என்று கண்டார்கள். சரியான செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை இலையின் மேற்பரப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

8. கத்தரிக்குப் போங்கள்

இப்போதுதான் கத்தரி. கம்பு வயலை ஒட்டிய கத்தரியையும், கம்பே இல்லாத இடத்துக் கத்தரியையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டு, அதன் நடுவில் லென்ஸில் மட்டும் தெரியும் சிறு புள்ளிகள்: இது பிக்னியம். திட்டுக்கு நேர் கீழே, இலையின் அடிப்பக்கத்தில், ஓரம் கிழிந்த குட்டிக் கிண்ணங்கள் கூட்டமாக இருக்கும்: இது ஏசியம். கிண்ணத்துக்குள் மஞ்சள் பொடியாக ஏசியோ வித்துகள். கத்தரியில் செம்பழுப்புத் துருப்பொடியைத் தேடினால் கிடைக்காது. கம்பில் பார்த்ததையே இங்கேயும் எதிர்பார்த்து, கத்தரியில் நோயில்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள்.

செடிக்காரரிடம் நட்ட காலத்தைக் கேளுங்கள். முதிர்ந்து முரடான இலையைவிட இளம் இலையில் பார்ப்பது சுலபம். சுண்டை, கண்டங்கத்தரியையும் விடாதீர்கள். ஆனால் அவற்றில் கிண்ணத்தைப் பார்த்ததும் கம்புத் துரு என்று எழுதிவிட வேண்டாம். அதே செடியில் வேறு துருவின் கிண்ணமும் வரலாம். அடுத்த படியைச் செய்தபிறகே உறுதி.

9. மாற்றித் தொற்றவைக்கும் சோதனை

இதில்தான் மிகப் பெரிய தடுமாற்றம். கம்பிலிருந்து செம்பொடியைத் தட்டி, தண்ணீரில் கலந்து, கத்தரிமேல் தெளித்து, பத்து நாள் காத்திருந்து, ஒன்றும் வரவில்லை, கம்புக்கும் கத்தரிக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். யூரிடோ வித்து கத்தரியில் ஒருபோதும் தொற்றாது. அது கம்புக்கே உரியது.

கத்தரிக்குப் போவது பேசிடியோ வித்து. டீலியோ வித்து ஈரத்தில் முளைக்கும்போது, இணைந்த உட்கரு குன்றல் பகுப்படைந்து, ஒவ்வொரு செல்லிலிருந்தும் நான்கு பேசிடியோ வித்துகள் உண்டாகின்றன. அவை மெல்லியவை, வெயில்பட்டால் சாகக்கூடியவை, கிட்டத்தில் மட்டும் பரவுபவை. இலைத்துளையைத் தேடாமல் கத்தரியின் மேல்தோலையே துளைத்து உள்ளே போகும்.

செய்முறை இது. கறும்பழுப்புக் கொப்புளமுள்ள கம்பு இலைகளைத் தண்ணீரில் நனைத்து, உலரவிட்டு, மறுபடி நனையுங்கள். சில நாள் இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் முளைப்பு எழும்ப உதவும். தினமும் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பாருங்கள். முளைப்பு தெரிந்த அன்று மாலையே இலைகளைக் கத்தரித் தொட்டிக்கு மேலே நூல் கட்டித் தொங்கவிடுங்கள். செடியையும் தண்ணீர் தெளித்து நனைத்து, மொத்தத்தையும் பாலித்தீன் கவரால் இரவு முழுவதும் மூடிவையுங்கள். வித்து தானாக உதிர்ந்து இலையில் விழும். விடிந்து வெயில் ஏறுமுன் கவரை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே செடி வெந்துவிடும்.

பக்கத்தில் இன்னொரு கத்தரித் தொட்டியை வெறும் தண்ணீர் தெளித்து இதே மாதிரி மூடுங்கள். ஒப்பீட்டுத் தொட்டி இல்லாத முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

சில நாளில் மேல்பக்கம் மஞ்சள் திட்டும் பிக்னியமும் வரும். அத்தோடு நின்றுபோய்க் கிண்ணம் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். ஒரு பேசிடியோ வித்து தரும் திட்டில் ஒரே பால்வகைதான் இருக்கும். பிக்னியம் கசியும் இனிப்பு நீரில் ஸ்பெர்மேசியா என்ற நுண்செல்கள் இருக்கின்றன. எறும்பும் ஈயும் அந்த நீரை ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால்தான் இரு வகையும் சேர்ந்து கிண்ணம் உருவாகும். கொசுவலைக்குள் பூச்சி வராது. எனவே அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும்: நனைத்த தூரிகையால் எல்லாத் திட்டுகளின் நீரையும் ஒன்றோடொன்று மெதுவாகக் கலந்துவிடுங்கள். வலை கட்டிய அக்கறையுள்ளவர்களே இந்த இடத்தில் தோற்றுப்போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

கிண்ணம் வந்ததும், அதன் மஞ்சள் பொடியைக் கம்பு நாற்றின் நனைந்த இலையில் தடவி, ஓர் இரவு மூடிவையுங்கள். அதே பொடியைச் சோளம், மக்காச்சோளம், இன்னொரு கத்தரி நாற்று ஆகியவற்றிலும் தடவுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் கம்பில் மட்டும் செம்பழுப்புக் கொப்புளம் எழும். பொடி கத்தரியில் பிறந்ததுதான், ஆனாலும் அது கத்தரியில் மறுபடி தொற்றாது.

10. தொற்றாத இலையையும் படியுங்கள்

கொப்புளம் வராத இலையைத் தூக்கிப் போடாதீர்கள். லென்ஸில் குண்டூசி முனையளவு வெளிர்ந்த அல்லது பழுப்புப் பொட்டுகள் தெரிகிறதா என்று பாருங்கள். பூஞ்சை நுழைந்ததும் அந்த இடத்துச் செல்லைச் செடி தானே சாகடித்துவிடுகிறது. உயிருள்ள செல் இல்லாமல் துரு வாழாது, அதோடு முடிந்தது. எதிர்ப்புள்ள கம்பு ரகங்களில் இதைக் காணலாம். சோளத்தில் பெரும்பாலும் அந்தப் பொட்டுகூட இருக்காது.

செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் துருவில் ஈடாக ஒரு மரபணு உண்டு என்பதை ஆளிவிதைச் செடியின் துருவை வைத்து ஃப்ளோர் என்ற செடிநோய் ஆய்வாளர் 1940களில் காட்டினார். இன்றைக்கு எதிர்ப்புள்ள ரகம் சில ஆண்டுகளில் துருவுக்குப் பணிவது இதனால்தான்.

11. ஊர் வரைபடத்தில் குறியுங்கள்

எந்த மாதத்தில் எந்தச் செடியில் எந்தப் பருவம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆடு மாடுகளுக்கு இறவையில் போடும் தீவனக் கம்பையும், களத்தோரம் தானாய் முளைத்த கம்பையும் சேர்த்துக் குறியுங்கள். எங்காவது பச்சைக் கம்பு நிற்கும்வரை யூரிடோ வித்து காற்றில் போய் அடுத்த கம்பைப் பிடித்துக்கொள்ளும், கத்தரி இல்லாமலே ஆண்டைக் கடந்துவிடும். கத்தரியில் நடப்பது மரபணுக் கலப்பு; துருவின் புதிய வகைகள் பிறக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

அதனால் கத்தரியைப் பிடுங்குங்கள் என்று யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்தின் வாரச் சந்தை வருமானம் அதில் இருக்கிறது. கிண்ணம் நிறைந்த கத்தரிப் பாத்திக்கு ஒட்டி இளங்கம்பு விதைக்க வேண்டாம், கம்பை நெருக்கி விதைக்க வேண்டாம் என்று சொன்னால் போதும். இறவைக் கம்பு விதைப்பவர்கள் டிசம்பரிலிருந்து மே வரையான விதைப்பில் துரு குறைவு என்பதையும் கணக்கில் எடுக்கலாம். மானாவாரிக்காரருக்கு அந்தத் தேர்வு கிடையாது, மழைதான் தேதி சொல்லும்.

கம்பந்தட்டையையும் மறக்காதீர்கள். கதிர் முற்றியபின் வரும் துரு தானியத்தைப் பெரிதாகக் குறைக்காது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் துரு பிடித்த தட்டையில் மாட்டுக்குச் செரிக்கும் பங்கு குறைகிறது. தீவனத்துக்காகவே கம்பு போடும் வீடுகளுக்கு அது நேரடி இழப்பு.

12. கடைசி வேலை

சோதனைத் தொட்டிகளின் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். குப்பையில் எறிந்தால் நீங்கள் வளர்த்த துரு ஊர்க் கம்புக்குப் போகும். ஒரே நாளில் இரண்டு வயலுக்குப் போக வேண்டியிருந்தால் துரு இல்லாத வயலை முதலில் பாருங்கள், பொடி சட்டையில் ஒட்டி வரும். உலர்ந்த இலைகளை மடித்த தாளுறையில் வைத்து, செடி, ரகம், ஊர், தேதி, பார்த்த பருவம் ஐந்தையும் பென்சிலால் எழுதி, கம்பு இலையும் அதிலிருந்து தொற்றிய கத்தரி இலையும் ஒரே எண்ணில் வருமாறு கட்டிவையுங்கள்.